தரையைத் தொடாத வளைவு

தனக்குப் பொறாமைப்படத் தெரியும் என்பதே அனந்தலக்ஷ்மிக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதற்கு முன் அவளுக்கு அந்த அவசியம் ஏற்பட்டதில்லை.

டெல்லியில் தமிழர்கள் நடத்திவந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வீடு. கணவர் வெங்கடேஸ்வரனுக்கு லோதி ரோடில் ஆபீஸ். சைக்கிளில் போய் சைக்கிளில் திரும்புவார். காலையில் டி.எம்.எஸ். பூத்தில் பால் வாங்க நின்றால் முன்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்து, "டீச்சர், நீங்க முன்னாடி போங்கோ" என்பார்கள். மலை மந்திரில் பிரகாரம் சுற்றும்போது யாராவது ஓர் அம்மாள் தன் பையனை இழுத்துவந்து, "இவனுக்குக் கணக்கே வரல்லே டீச்சர், உங்க க்ளாஸ்ல போடச் சொல்லுங்கோ" என்று கெஞ்சுவாள். கணக்கு என்றால் அனந்தலக்ஷ்மி டீச்சர் என்பதில் அந்த வட்டாரத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவளுக்கும் இருந்ததில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூலையில் பூவராகவன் வந்து சேர்ந்தான். விருத்தாசலம் பக்கத்துக்காரன். எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷம் எங்கோ ட்யூட்டோரியலில் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலை தேடி டெல்லிக்கு ரயிலேறியவன். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் தலைமயிரில் கொஞ்சம் சாக்பீஸ் தூளோடு இருப்பான். ஓய்வு பெற்றுப் போன ராமசுப்ரமணியன் சாரின் இடத்தில், பதினோராம் வகுப்பு ஏ செக்‌ஷன் அவனுக்குக் கிடைத்தது. பி செக்‌ஷன் வழக்கம்போல அனந்தலக்ஷ்மிக்கு.

ராமசுப்ரமணியன் சார் காலத்தில் ஏ செக்‌ஷன் பிள்ளைகள் சந்தேகம் கேட்க பி செக்‌ஷனுக்கு வருவார்கள். சார் அதைக் கண்டுகொள்ள மாட்டார். இந்த வருஷமும் அப்படி வருவார்கள் என்று அனந்தலக்ஷ்மி எதிர்பார்த்தாள். ஆகஸ்ட் முடிவதற்குள் அவளுடைய பி செக்‌ஷன் பிள்ளைகளே இன்டர்வெல்லில் ஏ செக்‌ஷன் வாசலில் போய் நிற்பதைப் பார்த்தாள்.

அது முதல் குத்து. இன்னொன்று அதைவிட ஆழமானது. அவளுடைய ஒரே மகள் வத்சலா ஏ செக்‌ஷனில் இருந்தாள். பெற்ற பிள்ளை அம்மாவின் வகுப்பில் உட்காரக் கூடாது என்பது அந்தப் பள்ளியில் வழக்கம். வத்சலா கணக்கில் கெட்டிக்காரிதான், ஆனால் கணக்கைப் பற்றி வீட்டில் வாய் திறக்காதவள். மார்க் வாங்குவாள், பேப்பரை மேஜைமேல் வைப்பாள், ரேடியோவைத் திருப்பப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் செப்டம்பரில் பேச ஆரம்பித்தாள்.

"அம்மா, இன்னிக்கு பூவராகவன் சார் சாக்பீஸைத் தூக்கி ஜம்பு மேலே போட்டார்!"

"எதுக்கு? பேசிண்டிருந்தானா?"

"இல்லேம்மா! பரபோலா! அந்த சாக்பீஸ் போற வழிதான் பரபோலா. எங்கே ரொம்ப ஒசரத்துல இருந்ததுன்னு கேட்டார். எல்லாரும் நடுவுலேன்னோம். அவ்ளோதான், அதுதான் வெர்டெக்ஸ்னுட்டார். க்யா க்ளாஸ் தா!"

அனந்தலக்ஷ்மி சப்பாத்தி மாவை இன்னும் அழுத்திப் பிசைந்தாள். பரவளையத்தை அவள் எத்தனையோ வருஷமாக நடத்துகிறாள். அதன் முனையைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரே வழி, வர்க்கமாக்கும் வழி. x-இன் கெழுவில் பாதியை எடு, அதை வர்க்கப்படுத்து, கூட்டு, கூட்டினதைக் கழி, அடைப்புக்குள் போடு. முனை தானாகத் தெரியும். ஒரு படி தவறாமல், ஒவ்வொரு வரியும் முந்தின வரிக்கு நேர்கீழே. அந்தக் கரும்பலகையைப் பார்த்தாலே கோலம் மாதிரி இருக்கும் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். என்ன அருமையான வகுப்பு, க்யா க்ளாஸ் தா என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

மறுநாள் ஃப்ரீ பீரியடில் அவள் ஏ செக்‌ஷன் பக்கமாக நடந்தாள். ஆபீஸுக்குப் போகிற வழி அது இல்லை. ஜன்னல் திறந்திருந்தது.

"y சமம் 6x மைனஸ் x ஸ்கொயர்" என்று பூவராகவனின் குரல் கேட்டது. "x-ஆக்ஸிஸ்தான் தரை. இந்த வளைவு தரையத் தொடுற ரெண்டு எடத்தச் சொல்லு."

"ஜீரோ, சிக்ஸ்!"

"ரெண்டுக்கும் நடுவுல போயி நில்லு. எங்க நிக்கற?"

"த்ரீ!"

"அண்ணாந்து பாரு. எவ்ளோ ஒயரம்?"

"பதினெட்டு மைனஸ் ஒம்பது... நைன்!"

"முடிஞ்சிச்சா? மூணு, ஒம்பது. வெர்டெக்ஸ். இதுக்குப் போயி பயப்படுவாங்களா?"

வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்சில் வத்சலாவும் சிரித்தாள், பல் தெரிய, முழு முகத்தோடு. அந்த முகத்தை அனந்தலக்ஷ்மி வீட்டில் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! ஜன்னல் ஓரமாக நின்று அதையே பார்த்தாள். அவளுக்கு வந்தது கோபம் இல்லை. என்னவென்று அவளுக்கே பெயர் சொல்லத் தெரியவில்லை. விடுவிடுவென்று ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் செய்வதெல்லாம் குற்றமாகப்பட்டது. சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிடுவது, பிள்ளைகளின் தோளில் கைபோட்டுக்கொண்டு நடப்பது, 'கேட்டுச்சி வந்துச்சி' என்ற பேச்சு, எல்லாம். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஹிந்தி டீச்சரிடம், "படிப்பு நடக்கறதா, சர்க்கஸ் நடக்கறதான்னே தெரியலே" என்றாள். ஹிந்தி டீச்சர் கண்ணியை எண்ணியபடி, "பச்சே குஷ் ஹை ஜி" என்றாள். பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்களாம்!

வீட்டிலும் அது தொடர்ந்தது. வத்சலா 'சார்' என்று தொடங்கினாலே அவள் குக்கரைத் திறக்கவோ துணி மடிக்கவோ போய்விடுவாள். ஒரு சாயங்காலம் வத்சலா, அம்மா வந்ததற்கு அடுத்த பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓட்டமாக வந்தாள். மூச்சிரைத்தது. பையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, அம்மா, கேளேன்! இன்னிக்கு சார் க்ளாஸ்ல என்னாச்சு தெரியுமா? நான்..."

"வத்சலா, அந்த சார் பேச்சை இந்தாத்துல எடுக்காதேன்னு எத்தனை தரம் சொல்றது?"

அதுவரை அப்படி ஒரு தரம்கூட அவள் சொன்னதில்லை. மனசுக்குள் பல தரம் சொல்லியிருந்ததால் சொன்ன மாதிரியே இருந்தது. வத்சலா பையைக் கழற்றினாள். பிறகு, "அச்சா, டீக் ஹை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் சார் பேச்சு வீட்டில் வரவில்லை. கணக்குப் பேச்சும் வரவில்லை.

நவம்பர் கடைசியில் பிரின்ஸிபால் பாலசுப்ரமணியம் அரையாண்டுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிக்கச் சொன்னார். சீனியர் என்பதால் கேள்வி அனந்தலக்ஷ்மியுடையது. இரண்டு செக்‌ஷனுக்கும் ஒரே தாள். ஏ செக்‌ஷன் விடைகளை அவள் திருத்த வேண்டும், பி செக்‌ஷன் விடைகளை அவன்.

அன்று முழுக்க அவள் மனம் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவனுடைய வழி எதை நம்பியிருக்கிறது? வளைவு தரையைத் தொடுவதை. தொடும் இரண்டு இடம் இருந்தால்தானே நடு! தரையையே தொடாமல் ஆகாயத்தில் தொங்குகிற வளைவைக் கொடுத்தால்? சமன்பாட்டைக் காரணிப்படுத்த முடியாது. 'எங்க நிக்கற' என்றால் எங்கேயும் நிற்க முடியாது. சர்க்கஸ் கூடாரம் அங்கேயே சரிந்துவிடும். வர்க்கமாக்கத் தெரிந்தவன் மட்டும் பிழைப்பான்.

y = x² − 6x + 13. முனையைக் காண்க. வழிமுறையைக் காட்டுக. ஐந்து மதிப்பெண்.

எழுதி முடித்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கேள்வி பாடத்துக்கு வெளியே இல்லை, புத்தகத்திலேயே அந்த மாதிரிக் கணக்குகள் உண்டு, யாரும் குறை சொல்ல முடியாது என்று தனக்குத் தானே மூன்று நான்கு தரம் சொல்லிக்கொண்டாள். நியாயமாக இருந்தால் ஒரு தரம் சொன்னால் போதும் என்பது அப்போது தோன்றவில்லை.

பரீட்சை முடிந்தது. டிசம்பர் குளிருக்கு டீச்சர்கள் எல்லாரும் மூங்கில் மோடாக்களைப் புல்தரையில் இழுத்துப்போட்டு, வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் திருத்துவது வழக்கம். அனந்தலக்ஷ்மி சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏ செக்‌ஷன் கட்டைப் பிரித்தாள். நேரே அந்தக் கேள்விக்குத்தான் போனாள்.

முதல் பேப்பர் ஜம்புவுடையது. கோழி கிளறின கையெழுத்து. 'பதின்மூன்றைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கிறேன்' என்று இங்கிலீஷில் தொடங்கியிருந்தான். மீதி x² − 6x. அதாவது x-ஐ x − 6-ஆல் பெருக்கினது. தரையைத் தொடும் இடங்கள் 0, 6. நடு 3. இப்போது பதின்மூன்றைத் திரும்பத் தூக்கி வைக்கிறேன். 9 − 18 + 13 = 4. முனை (3, 4).

சரியான விடை.

அடுத்த பேப்பரை எடுத்தாள். பதின்மூன்றை இறக்கி வைத்திருந்தார்கள். அதற்கடுத்ததிலும் அப்படியே. பார்த்த வரையில் எல்லாரும் அந்தப் பதின்மூன்றை ரயில் பிளாட்பாரத்தில் பெட்டியை இறக்கி வைப்பதுபோல இறக்கி வைத்து, நடுவைக் கண்டுபிடித்து, மறுபடி தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருத்தரும் வலையில் விழவில்லை.

அனந்தலக்ஷ்மி ஒரு காகிதத்தை எடுத்துத் தானே ஒரு கணக்குப் போட்டாள். இன்னும் சிக்கலாக, 3x² + 12x + 17. இதுவும் தரையைத் தொடாதது. பதினேழை இறக்கினாள். 3x² + 12x. தொடும் இடங்கள் 0, −4. நடு −2. பன்னிரண்டு மைனஸ் இருபத்துநாலு ப்ளஸ் பதினேழு, ஐந்து. முனை (−2, 5). தன் வழியில் வர்க்கமாக்கிப் பார்த்தாள். அதே விடைதான்.

ஏன் சரியாக வருகிறது என்பதும் அவளுக்கு உடனே புரிந்தது. அந்தத் தனி எண் வளைவை மேலே ஏற்றுகிறது, அல்லது கீழே இறக்குகிறது. இடம் வலமாக நகர்த்துவதே இல்லை. தரையில் கிடந்தாலும் ஆகாயத்தில் தொங்கினாலும் நடு அதே நடுதான். எண்களுக்குப் பதில் எழுத்துகளைப் போட்டுப் பார்த்தாள். புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் −b/2a என்ற சூத்திரம், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நெட்டுருப் போடுகிற சூத்திரம், மூன்றே வரியில் வந்து நின்றது.

அவ்வளவு அழகாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் இதே வளைவுகளோடு குடித்தனம் பண்ணியிருக்கிறாள். அந்த எண்ணைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? நேற்று வந்தவனுக்கு ஏன் தோன்றியது? வெயில் முதுகில் சுட்டது. சிவப்புப் பேனாவைத் திறந்து ஜம்புவின் விடைமேல் ஒரு கோடு போட்டாள். 'முறை ஏற்கத்தக்கதல்ல.' விடைக்கு மட்டும் ஒரு மார்க். அடுத்ததற்கும் ஒன்று. அடுத்ததற்கும். கோடு போடப் போட கை வேகமாயிற்று. ஒரு தரமாவது கை நின்றிருந்தால் அவள் யோசித்திருப்பாள், நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

கட்டின் நடுவில் வத்சலாவின் பேப்பர் வந்தது. பெயரைப் பார்க்கவே வேண்டியதில்லை. கையெழுத்து தெரியாதா? அவள் பதின்மூன்றை இறக்கி வைக்கவில்லை. ஆறில் பாதி மூன்று, மூன்றின் வர்க்கம் ஒன்பது, கூட்டிக் கழித்து, (x − 3)² + 4. ஒவ்வொரு வரியும் முந்தின வரிக்கு நேர்கீழே. கடைசியில் விடைக்கு இரட்டைக் கோடு, அம்மா கரும்பலகையில் போடுவது போலவே.

அனந்தலக்ஷ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேரும் அவன் பின்னால் போனார்கள், என் பெண் மட்டும் போகவில்லை! ஐந்துக்கு ஐந்து போட்டாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு வரும் வழியில் வத்சலாவுக்குப் பிடித்த எள்ளு மிட்டாயான கஜக் கால் கிலோ வாங்கினாள்.

பேப்பர் கொடுத்த அன்று வத்சலா வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. கஜக் தட்டு அப்படியே இருந்தது. வெங்கடேஸ்வரன்தான் நயமாகக் கேட்டு விஷயத்தை வரவழைத்தார். ஏ செக்‌ஷனில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவள் அவள் ஒருத்திதான். வகுப்பே அவளைப் பார்த்து, "மம்மி நே நம்பர் தியே" என்று, மார்க் போட்டது அம்மாதான் என்று, பாட்டாகப் பாடியிருக்கிறது.

"அம்மா பெண்ணுன்னு போட்டாளா? ஒழுங்கா எழுதினே, போட்டா. பாடறவா பாடட்டும்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

வத்சலா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு ரஜாயை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பூவராகவன் புல்தரைக்கு வந்தான். சண்டைக்கு வருவான் என்று அவள் தயாராகத்தான் இருந்தாள். அவன் பக்கத்து மோடாவின் விளிம்பில் உட்கார்ந்து, ஜம்புவின் பேப்பரை அவள் முன்னால் வைத்தான்.

"மேடம், இதுல தப்பு எங்கன்னு சொன்னீங்கன்னா, பசங்ககிட்ட நான் திருத்திச் சொல்லிடுவேன்."

"டெக்ஸ்ட் புக்ல இந்த முறை இருக்கா?"

"இல்லங்க."

"அப்பறம்? நீங்களா கண்டுபிடிக்கற வித்தையெல்லாம் போர்டு எக்ஸாம்ல செல்லாது, மிஸ்டர் பூவராகவன். நாளைக்கு வெளியாள் திருத்தினா இதைத்தான் பண்ணுவா."

அவன் கொஞ்சம் விழித்தான். "நான் எங்க மேடம் கண்டுபிடிச்சேன்? நெசமாச் சொன்னா அன்னிக்கு நான் க்ளாஸ்ல மாட்டிக்கிட்டேன். தரையைத் தொடலைன்னா என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி வந்துச்சி. சரி, ஃபார்முலாவ எழுதிப் போட்ருவோம்னு சாக்பீஸ எடுத்தேன். அதுக்குள்ள கேள்வி கேட்ட பொண்ணே எழுந்து வந்து பதிலையும் சொல்லிடுச்சி. உங்க வத்சலாதான் மேடம். உங்ககிட்ட சொல்லியிருக்குமே!"

புல்தரையில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அனந்தலக்ஷ்மி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ம்... சொன்னா" என்றாள்.

"அதான பாத்தேன். வீட்ல உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்துச்சின்னு நெனச்சிக்கிட்டேன். அதனாலதான் நீங்க வெட்டினது எனக்குப் புரியல."

அவள் பேப்பரை மடித்து வாங்கிக்கொண்டாள். பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். அதற்கு மேல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் புடவை மாற்றாமல், காபி போடாமல், வத்சலாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தப் பதிமூணை இறக்கி வெக்கறது உன்னோட யோசனையா?"

வத்சலா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ம்."

"அப்போ பரீட்சையில ஏன் அப்படி எழுதலே?"

"நீ திருத்தப்போறேன்னு தெரியும்."

"தெரிஞ்சா என்ன?"

"வெட்டுவேன்னும் தெரியும்மா. வெட்டினயே."

அனந்தலக்ஷ்மி ஒரு பட்டாணியை எடுத்து உரிக்கப் பார்த்தாள்.

"அன்னிக்கே சொல்ல ஓடிவந்தேன்" என்றாள் வத்சலா. குரல் உயரவில்லை. "சார் பேச்சை எடுக்காதேன்னே. அது சார் பேச்சே இல்லேம்மா. என் பேச்சு."

ஈஸிசேரில் பேப்பருக்குப் பின்னால் இருந்த வெங்கடேஸ்வரன் கனைத்தார். "மார்க்கைத் திருத்திடேன், அனந்தம். ஆபீஸ்ல நாங்க போட்ட நோட்டை நாங்களே அடிச்சு எழுதறதில்லையா? யார் தலையும் போகலே."

"உங்க ஆபீஸ்ல முன்னாடி பெஞ்சு போட்டு நாற்பது பேர் உட்கார்ந்து பார்க்கறதில்லே" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். குழாய்த் தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. கை விறைத்துப்போகும்வரை நின்றாள். மகள் கண்டுபிடித்ததைத் தானே கோடு போட்டு அடித்திருக்கிறாள், அதுவும் ஒரு தரமில்லை, கட்டு முழுவதும். அடிக்காமல் விட்ட ஒரே பேப்பர், மகள் பயந்துகொண்டு எழுதினது. அதற்குத்தான் கண் நிறைந்தது, கஜக் வாங்கினது.

அடுத்த நாள் பிரின்ஸிபாலிடம் சொல்லிவிட்டு, முதல் பீரியடிலேயே ஏ செக்‌ஷனுக்குப் போனாள். பூவராகவன் எழுந்து ஓரமாக நின்றான். பிள்ளைகள் குட்மார்னிங் சொல்லி உட்கார்ந்தார்கள். வத்சலா முதல் பெஞ்சில் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெர்டெக்ஸ் கணக்குக்கு நான் போட்ட மார்க் தப்பு" என்றாள் அனந்தலக்ஷ்மி. நேற்றிலிருந்து ஒத்திகை பார்த்திருந்த வாக்கியம் நீளமானது. வாயில் வந்தது இவ்வளவுதான். "உங்க முறை சரி. எல்லாரும் பேப்பரைக் கொண்டு வாங்கோ."

வகுப்பில் ஒரு சலசலப்பு. ஜம்பு கையைத் தூக்கினான். "மேம், அப்போ ஃபுல் மார்க்ஸா?"

"ஃபுல் மார்க்ஸ்."

"மேம், காமெடி என்ன தெரியுமா? நாங்க எல்லாரும் வத்சலா மெத்தட்ல போட்டோம். வத்சலா மட்டும் உங்க மெத்தட்ல போட்டா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வத்சலாவும் சிரித்துவிட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. வத்சலா மெத்தட். அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்! பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பி செக்‌ஷன் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அனந்தலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு பேப்பரிலும் ஒன்றை அடித்து ஐந்தாக்கிக் கையெழுத்துப் போட்டாள். பேனா மை தீர்ந்தது. பூவராகவன் தன் பேனாவைத் திறந்து நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது வத்சலா தானாக வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வழக்கமாக சிநேகிதிகளோடு பின்னால் போய்விடுவாள்.

"எனக்கு ஒரு தரம் சொல்லிக் காட்டேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"உனக்குத்தான் தெரியுமேம்மா."

"நீ சொல்லு."

வத்சலா பனி படர்ந்த பஸ் கண்ணாடியில் விரலால் எழுதினாள். பதின்மூன்றை இறக்கு, ஜீரோ, ஆறு, மூணு, திரும்பப் போடு, நாலு. "பஸ், ஹோ கயா" என்று, அவ்வளவுதான் முடிந்தது என்பதுபோல, விரலைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவளுக்கு அது பழசாகிப் போயிருந்தது. பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போனதைப் பதினோராவது ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னாள். மூச்சிரைக்க ஓடிவந்த அந்தச் சாயங்காலத்தின் முகம் அதில் இல்லை. அதைக் கண்டுபிடித்த நிமிஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தவன் வேறொருத்தன். மார்க்கைத் திருத்திக்கொடுக்கலாம், இதை எப்படித் திருத்துவது?

அந்த வாரம் முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பொறாமை குறையவில்லை, இன்னும் கூர்மையாகத்தான் ஆயிற்று. பூவராகவனின் வழியைப் பார்த்து, பெயரைப் பார்த்து, பிள்ளைகள் அவன் பின்னால் போவதைப் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அவன் அந்த வகுப்பில் அந்த நிமிஷம் நின்றிருந்தான், தான் நிற்கவில்லை. அது ஒன்றுதான் இப்போது தாங்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள். பிள்ளைகள் போன பிறகு பூவராகவன் புல்தரையில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தான். அனந்தலக்ஷ்மி ஒரு மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க பேனா." நீட்டினாள்.

"வச்சிக்கங்க மேடம், பரவால்ல."

"நான் அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவன் கடலையை உடைப்பதை நிறுத்தினான்.

"வத்சலா என்கிட்ட ஒண்ணும் சொல்லலே. சொல்ல வந்தா. நான் கேட்கலே. ஏன் கேட்கலேன்னு நீங்க கேட்காதீங்கோ."

"கேக்கலங்க" என்றான் பூவராகவன் மெதுவாக.

அவள் சால்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். இவனிடம் போய் இதைக் கேட்பதா என்று கடைசி வினாடிவரை ஒரு மனசு பல்லைக் கடித்தது. "அன்னிக்கு என்ன நடந்ததுன்னு எனக்குச் சொல்லணும். கணக்கு வேண்டாம், அது எனக்குத் தெரியும். அவ எப்படிச் சொன்னா? முழுக்கச் சொல்லுங்கோ."

அவன் உள்ளங்கையிலிருந்த தோலை ஊதிவிட்டு, கொஞ்சம் யோசித்தான். "மொதல்ல அது கைய தூக்கல மேடம். பேனா மூடியக் கடிச்சிக்கிட்டு போர்டையே மொறைச்சிக்கிட்டிருந்துச்சி. என்னம்மா கோவம் போர்டு மேலன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது சிரிக்கல..."

"சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்" என்றாள் அனந்தலக்ஷ்மி சட்டென்று. "பேனா மூடியைக் கடிப்பா. எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டா."

"அப்படிங்களா?"

"ம். மேலே சொல்லுங்கோ."

அவன் சொன்னான். அவள் நெஞ்சு எரிய எரிய, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.